அழித்தது அழிய வேண்டும்

மார்கன் ஸ்டான்லி என்பது அமெரிக்காவில் பிரசித்தி பெற்ற நிதி ஸ்தாபனம். செல்வந்தர்களின் முதலீடுகளைப் பராமரித்து வரும் அதன் கிளைக் கம்பெனி ஒன்று, 2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அந்நாட்டுப் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கு 3.5 கோடி டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டது. பொய்க் கணக்கு எழுதினார்கள் என்றோ, வாடிக்கைக்காரர்களின் பணத்தைக் கையாடினார்கள் என்றோ குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தகவல் மையங்களை மூடியபோது மிஞ்சிய ஆயிரக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளையும் சர்வர்களையும் அப்புறப்படுத்தும் வேலையை, சாமான்களை ஏற்றி இறக்கிக் கிடங்கில் வைப்பதைத் தவிர வேறு அனுபவமில்லாத ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, அது என்ன செய்கிறது என்று எட்டிப் பார்க்காமலும் இருந்துவிட்டார்கள். அந்தக் கம்பெனி அவற்றை வேறொருவருக்கு விற்றது. அவை கை மாறிக் கை மாறிக் கடைசியில் இணைய ஏலக் கடைக்கு வந்து சேர்ந்தன. வாங்கியவர்கள் இணைத்துப் பார்த்தபோது வாடிக்கைக்காரர்களின் சொந்த விவரங்கள் சில அப்படியே உள்ளே இருந்தன. சுமார் 1.5 கோடிப் பேருடைய தகவல்களை ஐந்து வருஷ காலம் இந்தக் கதிக்கு ஆளாக்கினார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. இது போதாதென்று, கிளை அலுவலகங்களிலிருந்து அகற்றிய சர்வர்களில் 42 இருக்கும் இடமே தெரியவில்லை. உள்ளிருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து வைக்கும் வசதி அந்தச் சாதனங்களில் இருந்தும், வருஷக்கணக்கில் அதை யாரும் இயக்கி வைக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது.

உலகத்தின் செல்வந்தர்களுக்கே புத்திமதி சொல்லிச் சம்பளம் வாங்குகிற ஒரு ஸ்தாபனத்தின் லட்சணம் இது என்றால், நம் ஊர் நகைக்கடன் கம்பெனியும், ஸ்கேன் சென்டரும், தனியார் கல்லூரியும், ஆடிட்டர் ஆபீசும் தங்களுடைய பழைய கம்ப்யூட்டர்களை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறபோது என்ன நடக்கும் என்பதை வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம். சென்னை ரிச்சி தெருவில் பழைய ஹார்ட் டிஸ்க் வாங்க வருகிறவர் எத்தனை ஜி.பி., எத்தனை நாள் உத்தரவாதம் என்று கேட்பார். அதற்குள் முன்பு யாருடைய வாழ்க்கை இருந்தது என்று கேட்கிற வழக்கம் இல்லை. கம்ப்யூட்டரில் ஒன்றை அழிப்பது என்பது சாமானியனுடைய ஜாக்கிரதையைப் பொறுத்த விஷயம், அவன் சரியான மென்பொருளை வாங்கிச் சரியான பொத்தானை அழுத்தாவிட்டால் அது அவன் தலையெழுத்து என்கிற மனோபாவம் முப்பது வருஷமாக நம்மிடையே ஊறிப் போயிருக்கிறது. அது தவறு என்பது என் அபிப்பிராயம். அழிப்பது, யந்திரத்தைச் செய்தவனும், பிறர் தகவலைச் சேமித்து வைப்பவனும், அவ்விருவரையும் கட்டுப்படுத்த வேண்டிய அரசாங்கமும் ஏற்க வேண்டிய கடமை. அது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, யந்திரத்துக்குள் நடப்பதைச் சிறிது பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு கோப்பை நாம் டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். திரையிலிருந்து பெயர் மறைந்துவிடுகிறது. காலியிடம் அதிகரித்ததாகவும் கணக்குக் காட்டுகிறது. வட்டிலே நடந்ததோ மிக அற்பம். டாஸ் காலத்தில் தோன்றி இன்றைய பென்டிரைவ் வரைக்கும் வழங்கி வருகிற ஃபேட் என்னும் ஏற்பாட்டில், பெயர்ப் பட்டியலில் அந்தக் கோப்பின் முதல் எழுத்தை மாத்திரம் எடுத்துவிட்டு அங்கே ஒரு விசேஷக் குறியை வைக்கிறார்கள்; அது இருந்த இடங்களெல்லாம் இனிமேல் பிறருக்கு ஒதுக்கத் தகுந்தவை என்று இன்னொரு அட்டவணையில் எழுதிக்கொள்கிறார்கள். கோப்பின் உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை. குடும்ப அட்டையில் பெயரை அடித்துவிட்டதனால் ஆள் வீட்டை விட்டுப் போய்விடுவதில்லை அல்லவா? அந்தக் கதைதான். 1991இல் வந்த எம்.எஸ்.டாஸ் ஐந்தாம் பதிப்பில், அழித்த கோப்பை மீட்க ஒரு கட்டளை இருந்தது. அதைக் கொடுத்தால், முதலெழுத்து இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியோடு பெயரைக் காட்டி, அந்த எழுத்து என்ன என்று யந்திரம் நம்மையே கேட்கும். எழுத்தைத் தட்டினால், மேலே வேறு எதுவும் எழுதப்படாத வரையில், கோப்பு உயிர் பெற்று வந்துவிடும். யந்திரத்துக்கு மறந்து போனதெல்லாம் அந்த ஓர் எழுத்துத்தான்!

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மோசடிக்காரர்கள் அல்லர். ஃபிளாப்பிகள் ஆமை வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், வேண்டாத ஒன்றை அழிப்பதற்காக அதன் மீது முழுவதும் பூஜ்யங்களை எழுதிக்கொண்டிருப்பது வீண் பிரயாசை என்று அவர்கள் எண்ணியது நியாயமே. கை தவறி அழித்துவிட்டவனுக்கு அதனால் ஒரு பிழைப்பும் கிடைத்தது. ஆனால் யந்திரங்கள் ஆயிரம் மடங்கு வேகம் பெற்ற பிறகும், அவற்றுக்குள் மனிதர்களின் வைத்தியக் குறிப்புகளும் வங்கிக் கணக்குகளும் குடும்பப் படங்களும் குடியேறிய பிறகும், பழைய சௌகரியத்தையே தொடர்ந்து வைத்துக்கொண்டு, அழிந்துவிட்டது என்று திரையில் சாட்சி சொல்வதை என்னால் அவ்வளவு சுலபமாக மன்னிக்க முடியவில்லை.

விளைவு என்ன என்பதை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் பிரத்தியட்சமாகக் காட்டினார்கள். 2000ஆம் வருஷக் கடைசியிலிருந்து 2002 வரை, ஏலத்திலும் பழைய சாமான் கடைகளிலுமாக 158 ஹார்ட் டிஸ்க்குகளை அவர்கள் வாங்கினார்கள். ஓடக்கூடிய நிலையில் இருந்தவை 129. அவற்றில் உள்ளபடியே துடைத்துச் சுத்தம் செய்யப்பட்டிருந்தவை 12 மாத்திரமே என்று 2003இல் வெளியிட்ட கட்டுரையில் எழுதினார்கள். மற்றவற்றில் ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்களும், வைத்திய சம்பந்தமான கடிதங்களும் கிடந்தன. ஒரு டிஸ்க்கோ, வங்கி ஏ.டி.எம். ஒன்றிலிருந்து கழற்றியதாகத் தெரிந்தது. அதில் ஒரு வருஷத்துப் பணப் பட்டுவாடா விவரம் முழுவதும் இருந்தது. விற்றவர்கள் எல்லாரும் அஜாக்கிரதைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களில் பலர் டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிட்டுத்தான் விற்றிருந்தார்கள். அந்தக் காலத்து ஃபார்மேட், பட்டியலைப் புதிதாக எழுதுவதோடு நின்றுவிட்டது.

ஆகவே, உள்ளடக்கத்தின் மீது வேறு எதையாவது எழுதிவிடுவதே முறை என்று தேர்ந்தார்கள். இங்கேதான் ஒரு மூட நம்பிக்கை முளைத்தது. நியூஸிலாந்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன் என்ற நிபுணர், 1996இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில் நடந்த ஒரு மகாநாட்டில், காந்த வட்டுகளில் ஒருமுறை மேலெழுதினாலும் பழைய எழுத்தின் சாயல் ஓரங்களில் மிஞ்சியிருக்கலாம், நுட்பமான கருவிகளைக் கொண்டு அதைப் படிக்கவும் கூடும் என்று விளக்கி, 35 விதமான வரிசைகளைத் தந்தார். அன்றைக்கு வழக்கத்தில் இருந்த பலவகை வட்டுகளுக்கும் சேர்த்துப் போட்ட பட்டியல் அது. தன்னுடைய வட்டு எந்த வகை என்று அறிந்தவனுக்கு அதில் சிலவே போதும். ஜனங்கள் இதைக் கவனிக்கவில்லை. 35 தடவை எழுதினால்தான் அழியும் என்று பிடித்துக்கொண்டார்கள். மென்பொருள் விற்பவர்களும் அந்த எண்ணைப் பெட்டியின் மேல் அச்சிட்டு வியாபாரம் செய்தார்கள். குட்மனே பிற்பாடு, தம் கட்டுரையை ஆராய்ச்சியாகக் கொள்ளாமல் பேயோட்டும் மந்திரம் போல ஜபிக்கிறார்களே என்று அலுத்துக்கொண்டு ஒரு பின்குறிப்பு எழுத நேர்ந்தது. ஒரு டெராபைட் டிஸ்க்கில் விநாடிக்கு 150 மெகாபைட் வீதம் எழுதினால், ஒரு தடவை முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். 35 தடவை என்றால் இரவு பகலாக 65 மணி நேரம். அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய ஸ்தாபனமான நிஸ்ட், 2006லேயே, புதிய வகை ஹார்ட் டிஸ்க்குகளுக்கு ஒரு தடவை முழுமையாக மேலெழுதுவதே பெரும்பாலும் போதுமானது என்று தன் வழிகாட்டியில் சொல்லிவிட்டது. 2008 டிசம்பரில் நம் ஹைதராபாத்தில் நடந்த கம்ப்யூட்டர் பந்தோபஸ்து மகாநாட்டிலும், ஒருமுறை மேலெழுதிய வட்டிலிருந்து உருப்படியாக எதையும் மீட்க முடியாது என்று சோதனை செய்து காட்டிய கட்டுரை ஒன்று வாசிக்கப்பட்டது. ஆனாலும், எண்ணிக்கை பெருகப் பெருகப் பலனும் பெருகும் என்ற நம்பிக்கை மனித சுபாவத்தில் ஆழமாக இருப்பதால், முப்பத்தைந்துக்கு இன்றும் பக்தர்கள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் காந்த வட்டின் கதை. இன்று நம் மடிக்கணினிகளிலும் மொபைல்களிலும் இருப்பவை பெரும்பாலும் சுழலும் வட்டுகள் அல்ல. ஃபிளாஷ் சில்லுகள், எஸ்.எஸ்.டி.க்கள். இவற்றின் சங்கதி முற்றிலும் வேறு. ஃபிளாஷ் சில்லின் ஒவ்வொரு அறையும் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் அழித்து எழுதினால் தேய்ந்து போகும். அதனால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுத விடாமல், எல்லா அறைகளும் சமமாகத் தேயும்படி எழுத்தை இடம் மாற்றி மாற்றி வைக்கிற ஒரு சிறு நிர்வாகி சாதனத்துக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. நாம் ஒரு கோப்பின் மீது பூஜ்யங்களை எழுதச் சொன்னால், அந்த நிர்வாகி அந்தப் பூஜ்யங்களை வேறொரு புதிய அறையில் எழுதிவிட்டு, இனி இதுவே அந்த இடம் என்று தன் கணக்கில் மாற்றிக்கொள்கிறது. பழைய அறை பழைய எழுத்தோடு, கம்ப்யூட்டரின் கண்ணுக்குத் தெரியாமல், தன் முறை வருகிற வரையில் கிடக்கிறது. மேலெழுத வேண்டும் என்று நாம் கொடுத்த ஆக்ஞையை மேலெழுதியதாகவே கணக்குக் காட்டிவிட்டு மேலெழுதாமல் விட்டுவிடுகிற இந்தச் சாமர்த்தியத்துக்கு முன்னால், 35 தடவை எழுதினாலும் ஒன்றுதான், 350 தடவை எழுதினாலும் ஒன்றுதான்.

2011இல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் எஸ்.எஸ்.டி.க்களைப் பிரித்து, சில்லுகளை நேரடியாகப் படித்துப் பார்த்தார்கள். தனித்தனிக் கோப்பை அழிப்பதற்காகச் சொல்லப்பட்ட முறைகளில் ஒன்றுகூட எஸ்.எஸ்.டி.யில் பலிக்கவில்லை. சாதனத்தை மொத்தமாக அழிக்கத் தயாரிப்பாளர்களே உள்ளே வைத்திருந்த கட்டளை, ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்த சாதனங்களில் நன்றாக வேலை செய்தது. ஆனால் ஒரு சாதனம், அழித்தாயிற்று என்று பதில் சொல்லிவிட்டு, உள்ளிருந்ததை முழுவதும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தது! நாலு வருஷம் கழித்து, 2015இல், ஆப்பிள் கம்பெனி தன் மாக் கம்ப்யூட்டர்களில் வெகு காலமாக இருந்து வந்த, குப்பைக் கூடையைப் பத்திரமாகக் காலி செய்யும் வசதியை எடுத்தே விட்டது. ஃபிளாஷ் சேமிப்பு உள்ள யந்திரங்களில் அது சொன்னபடி அழிக்கும் என்று உறுதி தர முடியவில்லை என்பதே காரணம். செய்ய முடியாததைச் செய்வதாகப் பாசாங்கு பண்ணுவதைவிடப் பொத்தானை அகற்றிவிடுவது யோக்கியமான காரியம் என்றே நினைக்கிறேன். இன்னொரு விபரீதத்தையும் சொல்ல வேண்டும். இந்தச் சாதனங்களில், காலியான இடம் எது என்பதை இயங்குதளம் அவ்வப்போது தெரிவித்துவிடுவதால், உள் நிர்வாகி தன் சௌகரியம் போல் அவற்றைத் துடைத்தும் விடுகிறது. ஆதலால், கை தவறி அழித்த கல்யாணப் படங்களை மீட்கப் போகிறவனுக்கு அவை கிடைப்பதில்லை. ஒழிந்தால் போதும் என்று அழித்தவனுக்கு அவை ஒழிந்ததா என்ற நிச்சயமும் கிடைப்பதில்லை.

அப்படியானால் கதி என்ன? உண்டு, அதுவும் சுலபமானது, விலையும் அதிகமில்லை. எழுதும்போதே எல்லாவற்றையும் குறியாக்கம் செய்து எழுதிவிட்டால், வட்டில் இருப்பது திறவுகோல் இல்லாதவனுக்கு வெறும் குப்பை. அழிக்க வேண்டிய நாளில், டெராபைட் கணக்கான உள்ளடக்கத்தைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை; சில பைட்டுகளே உள்ள அந்தத் திறவுகோலை அழித்துவிட்டால் காரியம் முடிந்தது. விண்டோஸில் பிட்லாக்கர் என்றும், மாக்கில் ஃபைல்வால்ட் என்றும், லினக்ஸில் லக்ஸ் என்றும் இது வழங்குகிறது. ஐபோன்களில் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை நிமிஷ நேரத்தில் முடிந்துவிடுவதும் இதனால்தான். அங்கே அழிவது திறவுகோல். ஆண்ட்ராய்டு போன்கள் இந்த நிலைமைக்கு வரச் சிறிது காலம் பிடித்தது. 2015இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோரான் சைமன், ராஸ் ஆண்டர்சன் இருவரும் 21 பழைய ஆண்ட்ராய்டு போன்களை வாங்கி, ஃபாக்டரி ரீசெட் செய்தபின் சோதித்து, குறுஞ்செய்திகளையும், படங்களையும், கூகுள் கணக்கில் நுழைவதற்கான அடையாளங்களையும்கூட மீட்டுக் காட்டினார்கள். அதற்குப் பின் வந்த போன்களில் குறியாக்கம் படிப்படியாகக் கட்டாயமாகியது. 2019இல் வெளியான ஆண்ட்ராய்டு 10உடன் வந்த புதிய போன்கள் அனைத்துக்கும் அது நிர்ப்பந்தம். ஆனால் எத்தனையோ வீடுகளில் மேஜை இழுப்பறைக்குள், அதற்கு முந்தைய போன்கள் இன்னும் எக்ஸ்சேஞ்ச் சலுகைக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன.

கவனிக்க வேண்டியது, இந்த வழி முன்யோசனையைக் கேட்கிறது என்பது. இத்தனை வருஷம் குறியாக்கம் இல்லாமல் எழுதி வைத்துவிட்டு, விற்கப் போகிற அன்றைக்கு இயக்கினால் முழுப் பலன் கிடைக்காது; பழைய அறைகளில் பழைய எழுத்து இருந்துகொண்டிருக்கும். மார்கன் ஸ்டான்லியின் பொறுப்பாளர்கள் அந்த வசதியை முதல் நாளே இயக்கி வைத்திருந்தால், காணாமல் போன 42 சர்வர்களும் யார் கையில் போய்ச் சேர்ந்திருந்தாலும் கவலைப்பட வேண்டியிருந்திராது. ஆகவே கம்ப்யூட்டரும் போனும் கடையிலிருந்து வரும்போதே குறியாக்கம் இயக்கப்பட்டு வர வேண்டும்; வேண்டாம் என்று நினைப்பவன் தேடிப் போய் நிறுத்திக்கொள்ளட்டும். தயாரிப்பாளர்களில் பலர் இந்த வழிக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் அரசாங்க அலுவலகங்களும் கல்லூரிகளும் மொத்தமாகக் கம்ப்யூட்டர் வாங்க டெண்டர் கோரும்போது, ராம் எத்தனை, மானிட்டர் எத்தனை அங்குலம் என்று வரி வரியாக எழுதுகிறார்களே, அந்த வரிகளோடு இதையும் ஒரு வரியாகச் சேர்த்தால் என்ன குடி முழுகிப் போகும்?

நம் யந்திரத்தில் இருப்பதை நாம் அழித்துவிடுகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். பிரதிகள்? 1986 நவம்பரில், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் அம்பலமானபோது, வெள்ளை மாளிகையில் இருந்த ஆலிவர் நார்த், ஜான் பாயிண்டெக்ஸ்டர் என்ற இரண்டு அதிகாரிகளும் தங்கள் கம்ப்யூட்டர் கடிதங்களை ஆயிரக்கணக்கில் அழித்தார்கள். காகிதங்களை அரைக்கும் யந்திரத்தில் போட்டு அரைத்த அளவுக்கு நம்பிக்கையோடு இதையும் செய்தார்கள். வழக்கமாக எடுத்து வைக்கும் பேக்கப் நாடாக்களில் அவையெல்லாம் பத்திரமாக இருந்தன. விசாரணைக் குழு அவற்றை எடுத்து வைத்துக்கொண்டுதான் 1987இல் அறிக்கை எழுதியது. இன்று ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது அனுப்பியவன் போனில், பெற்றவன் போனில், இருவருடைய கூகுள் சேமிப்பில், பெற்றவன் அனுப்பிய குழுவில் உள்ள அத்தனை பேரிடமும் பிரதியாகி நிற்கிறது. இதில் நான் என்னுடைய பிரதியை எந்த மந்திரம் போட்டு அழித்தால் என்ன?

பரீட்சைக்கு விண்ணப்பம் போடும் பருவத்தில் எந்தத் தாலுக்கா ஊரின் பிரௌசிங் சென்டருக்கும் போய்ப் பாருங்கள். மேஜைக் கண்ணாடியில் ஒரு வாட்ஸ்அப் எண்ணை எழுதி ஒட்டியிருப்பார்கள். "இந்த நம்பருக்கு அனுப்புங்கம்மா, பிரிண்ட் போட்டுத் தர்றேன்" என்பார் கடைத் தம்பி. கிராமத்திலிருந்து வந்த தாய், பக்கத்தில் நிற்கும் மகளைப் பார்ப்பாள். மகள் ஆதார் அட்டை, ஜாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பாஸ்புக்கின் முதல் பக்கம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கையெழுத்து ஆகிய ஆறையும் அனுப்புவாள். ஒரு மனிதன் இன்னார்தான் என்று ருசுப்படுத்துவதற்கு இந்தத் தேசத்தில் இவற்றுக்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. தம்பி டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறக்கும்போது, அந்தப் பெண்ணுக்கு முன் வந்தவர்களின் முகங்களும் ஆதார்களும் வரிசையாகத் திரையில் நகர்ந்து போகும். பின்னால் நிற்பவர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் அழிப்பீர்களா என்று கேட்டால், "ஹேங் ஆச்சுன்னா மொத்தமா தூக்கிடுவோம் சார்" என்று பதில் வரும். அந்தத் தம்பி நல்லவர், வேலையும் சுறுசுறுப்பு. யாரும் அவருக்கு வேறுவிதமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைப்பற்றி அரசாங்கம் ஒருமுறை வாய் திறந்தது. 2022 மே மாதம், ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், பொதுக் கம்ப்யூட்டர்களில் டவுன்லோடு செய்யாதீர்கள், செய்ய நேர்ந்தால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஜனங்கள் பீதியடையவே, தவறாகப் பொருள் கொள்ள இடமிருக்கிறது என்று சொல்லி இரண்டே நாளில் மத்திய அமைச்சகம் அதை வாபஸ் பெற்றது. பீதியைவிட எனக்கு வியப்பாக இருந்தது அந்தப் புத்திமதிதான். அடுத்தவன் கடையில், அடுத்தவன் கம்ப்யூட்டரில், என்ன வகை வட்டு என்று தெரியாத ஒன்றில், சான் டியேகோ ஆராய்ச்சியாளர்களாலேயே செய்ய முடியாமல் போன காரியத்தை, அவசரமாகப் பஸ் பிடிக்க வேண்டிய பிரஜை செய்துவிட வேண்டும்!

ஜெராக்ஸ் யந்திரமும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே என்பது பலருக்குத் தெரியாது. அலுவலகங்களில் உள்ள பெரிய டிஜிட்டல் நகல் யந்திரங்கள் பலவற்றுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் உண்டு. நகலெடுத்தவை அதில் தங்கக்கூடும். அமெரிக்காவில் அஃபினிட்டி என்ற சுகாதாரக் காப்பீட்டு ஸ்தாபனம், வாடகைக்கு எடுத்த நகல் யந்திரங்களை உள்ளே துடைக்காமல் திருப்பிக் கொடுத்தது. அவற்றில் ஒன்றை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் வாங்கித் திறந்து பார்க்க, நோயாளிகளின் விவரங்கள் வெளிப்பட்டன. 2013இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டிய பிறகே அந்த ஸ்தாபனத்தால் விஷயத்தை முடித்துக்கொள்ள முடிந்தது.

எதையும் தடமில்லாமல் அழிக்க வசதி செய்து கொடுத்தால், குற்றவாளிகளுக்கல்லவா அது கொண்டாட்டம் என்று போலீஸ் இலாகாவினர் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்தில் பத்துப் பேரைக் கொன்றுவிட்டு முப்பது வருஷம் அகப்படாமல் இருந்த டெனிஸ் ரேடர் என்பவன், 2005இல் தானே அனுப்பிய ஒரு ஃபிளாப்பியில், அழிக்கப்பட்டுக் கிடந்த ஒரு கோப்பில் மிஞ்சியிருந்த பெயர்க் குறிப்பினால்தான் பிடிபட்டான். ஆனால் குற்றத்தை மறைக்கச் சாட்சியத்தை அழிப்பது வேறு, தேவை தீர்ந்த பிறர் தகவலை அழிப்பது வேறு என்ற பேதத்தைச் சட்டம் ஏற்கெனவே அறிந்திருக்கிறது. நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய தஸ்தாவேஜையோ மின்னணுப் பதிவையோ வேண்டுமென்றே அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதையின் 241ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. திருடர்களும் பூட்டு உபயோகிக்கிறார்கள் என்பதற்காகப் பூட்டுக் கடைகளை யாரும் மூடச் சொல்வதில்லை.

நம் தேசத்தில் இப்போது சட்டம் இருக்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதைத் தொடர்ந்து வெகு தாமதமாக 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பிறர் தகவலைச் சேகரித்தவர், சம்மதம் வாபஸ் ஆனாலோ, சேகரித்த நோக்கம் தீர்ந்தாலோ, வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் ஒழிய, அதை அழித்துவிட வேண்டும் என்கிறது அதன் 8ஆம் பிரிவு. அழிக்கும்படி கேட்கும் உரிமையை 12ஆம் பிரிவு நமக்கு அளிக்கிறது. தக்க பந்தோபஸ்து செய்யாமல் தகவலைக் கசிய விட்டவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எப்படி அழித்தால் அழித்ததாகும் என்று சட்டம் விரித்துச் சொல்லவில்லை. பெயர்ப் பட்டியலிலிருந்து முதலெழுத்தை எடுத்துவிட்டு, அழித்தாயிற்று என்று ஒரு கம்பெனி கடிதம் எழுதினால், கேட்டவர் அதை எப்படி மறுப்பார்? அதைவிடப் பெரிய ஓட்டை 17ஆம் பிரிவில் இருக்கிறது. மேலே சொன்ன அழிக்கும் கடமையும், அழிக்கக் கேட்கும் உரிமையும், அரசாங்கமும் அதன் அங்கங்களும் கையாளும் தகவல்களுக்குப் பொருந்தா என்று அது விலக்களிக்கிறது. தேசத்திலேயே அதிகமான பிரஜைகளின் அதிகமான விவரங்களை வைத்திருப்பது எதுவோ, அதற்கு அழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை! நில ஆவணத்தையும் ஜனன மரணப் பதிவையும் அழிக்கச் சொல்லும் பைத்தியக்காரர் யாரும் இல்லை. அவற்றை விலக்கி வைக்கலாம். ஒரு நலத்திட்டத்துக்காக வாங்கிய பாஸ்புக் நகலையும், மருத்துவ முகாமில் எடுத்த குறிப்பையும், அலுவலகம் கம்ப்யூட்டரைக் கழிவாக ஏலம் விடுகிற நாளிலும் உள்ளேயே விட்டுவைக்கலாம் என்பதற்கு நான் எந்த நியாயத்தையும் காணவில்லை.

மத்திய அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. அரசாங்கத்துக்கு அளித்த விலக்கைக் குறுக்க வேண்டும். அழிப்பது என்றால் சாதனத்தின் தன்மைக்கேற்ப எது என்று விதிகளில் எழுத வேண்டும். நிஸ்ட் வழிகாட்டி போன்ற மாதிரிகள் கையிலேயே இருக்கின்றன. வங்கியோ ஆஸ்பத்திரியோ அலுவலகமோ கம்ப்யூட்டரையும் நகல் யந்திரத்தையும் கை மாற்றும்போது, சாதன எண் வாரியாக, எந்த முறையில், என்றைக்கு, யார் அழித்தார் என்ற சான்றிதழ் இல்லாமல் அது வாசலைத் தாண்டக் கூடாது என்று விதிக்க வேண்டும். இ-சேவை மையங்களுக்கும் பிரௌசிங் சென்டர்களுக்கும், நாள் முடிவில் டவுன்லோடுகள் தாமாகவே நீங்கும்படியான, குறியாக்கம் செய்த வட்டுள்ள ஏற்பாட்டை அரசாங்கமே செய்து கொடுக்கலாம். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

அது வரையில், பழைய கம்ப்யூட்டரையோ போனையோ விற்க உத்தேசித்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. போனாக இருந்தால், குறியாக்கம் இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பார்த்துவிட்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, ஃபாக்டரி ரீசெட் செய்யுங்கள். மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ள மறக்காதீர்கள். சுழலும் வட்டுள்ள கம்ப்யூட்டராக இருந்தால் ஒரு தடவை முழுவதும் மேலெழுதுவது போதும், எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் தயாரிப்பாளர் தரும் அழிக்கும் கட்டளையை உபயோகியுங்கள். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டால் போயிற்று என்று நினைக்க வேண்டாம். 2003இல் வானத்திலேயே எரிந்து சிதறிய கொலம்பியா விண்கலத்தின் சிதைவுகளில் கிடைத்த கருகிய ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே அநேகமாக எல்லாத் தகவலையும் மீட்டுவிட்டார்கள். இவற்றில் எதுவும் உங்களுக்குப் பிடிபடவில்லையென்றால், டிஸ்க்கை மாத்திரம் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடுங்கள். கடைக்காரர் விலையில் கொஞ்சம் குறைப்பார், குறைத்துக்கொள்ளட்டும்.